உயிரோடிருப்பவளுக்கு அஞ்சலி

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டியில் இருந்ததை வைத்துச் சமாளித்தோம். டெல்ரோஸுக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. அதனால் ரொட்டியும் கருவாடும் வாங்க நானே போனேன்.

கடைக்கு முன்னால் விளக்குக் கம்பத்தில் புதிய சுவரொட்டி. பிப்ரவரி, ரெகே இசை மாதம், நெருங்கிவிட்டால் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் எந்தக் கம்பமும் வெறுமனே நிற்காது. நான் அவற்றைப் படிப்பதில்லை. இதைப் படித்தேன். அதில் இருந்தது என் மனைவி டெல்ரோஸின் முகம். இருபத்தோரு வயது முகம். தலையில் துணிக்கட்டு, மூடிய கண்கள்.

'மறைந்த சிஸ்டர் டமாரிஸுக்கு மாபெரும் இசையஞ்சலி. பிப்ரவரி 24. வழங்குபவர் கார்ஃபீல்ட் லேமி.'

மறைந்த!

அவள் வீட்டில் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே கம்பத்தில் அவளுக்கு அஞ்சலி.

கிழித்தெறிந்திருக்க வேண்டும். கம்பம் மின்வாரியத்துடையது, தாள் யாருடையது, கிழிப்பது குற்றமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பள்ளியில் வாழ்நாள் முழுக்கப் புவியியல் நடத்தியவனின் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது. கருவாட்டை மறந்துவிட்டுத் திரும்பினேன். அதற்குத் திட்டு வாங்கினேன். காரணத்தைச் சொல்லவில்லை.

ஜனவரி 10, புதன்

சொல்லிவிட்டேன். சிரித்தாள்.

"மறுபடியுமா? ரெண்டாவது தடவை சாகறேன், லிண்டோ. இந்தத் தடவையாவது சாவுச் சோறு நல்லா போடுவாங்களா?"

சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. நான் கவனித்தேன்.

ஜனவரி 11, வியாழன்

குழப்பம் எங்கே தொடங்கியது என்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கு விளங்கும்.

டெல்ரோஸ் பதினேழு வயதில் செயின்ட் தாமஸிலிருந்து கிங்ஸ்டனுக்கு வந்தாள். தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். ஆரஞ்சு தெருவில் ப்ராஸ்பர் என்று ஒரு தயாரிப்பாளர். கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப் பாடவைத்துப் பார்ப்பார். வாத்திய இசை முன்பே பதிவாகித் தயாராக இருக்கும். அந்த ஒரே இசையின்மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டுப் பாடுவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அதில் தவறில்லை. ப்ராஸ்பருக்கென்று தனியாக இன்னொரு வழக்கம் இருந்தது. எந்தப் பெண் பாடினாலும் இசைத்தட்டின் லேபிளில் 'சிஸ்டர் டமாரிஸ்' என்றே அச்சடிப்பார். "ஜனங்களுக்கு ஒரு பேரு போதும். பொண்ணுங்க வருவாங்க, போவாங்க."

'கேட்டுக்கு வெளியே நில்' பாடியவள் டெல்ரோஸ். வாடகை கேட்கிற சாக்கில் வேறெதையோ கேட்க வரும் வீட்டுக்காரனை விரட்டும் பாட்டு. நிறுத்தாமல் ஒரே தடவையில் பாடி முடித்தாள். அந்த வருடம் தீவில் அது கேட்காத முற்றமில்லை. இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். ஊர் ஊராகப் பேருந்தில், குளிரில் இருமிக்கொண்டே பாடினாள். திரும்பி வந்தபோது அந்தப் பெயரில் பாலெட் என்றொரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். ப்ராஸ்பரிடம் கேட்டதற்கு, "பேரு என்னோடது. நீ வேற பேரு தேடிக்கோ" என்றார். டெல்ரோஸ் தன் சொந்தப் பெயரில் இரண்டு தட்டுகள் பாடினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் மற்றவர்கள் பாட்டுக்குப் பின்குரல். அப்புறம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், அவ்வளவுதான்.

இருபது வருடங்களுக்கு முன் பாலெட் டொராண்டோவில் இறந்துபோனாள். 'சிஸ்டர் டமாரிஸ் மறைவு' என்று செய்தி வந்தது, டெல்ரோஸின் படத்தோடு. துணி காயப்போட்டுக்கொண்டே தன் இரங்கல் செய்தியைப் படித்தாள். "பாவம் பாலெட். செத்ததுக்கப்புறம் கூட அவ மூஞ்சியைப் போடல." நான் திருத்தம் கேட்டு எழுதினேன். திருத்தம் வரவில்லை.

ஆக, ஒருத்திக்கு ஒரு பெயரை மாட்டி, அதைக் கழற்றி இன்னொருத்திக்கு மாட்டி, அவள் செத்ததும் இவளைப் புதைத்துவிட்டார்கள். எழுதிப் பார்த்ததில் விளங்கிவிட்டது. விளங்கியதில் கோபம் கூடியதுதான் மிச்சம்.

ஜனவரி 15, திங்கள்

லேமிக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். குறிப்பு பயன்படவில்லை.

"யாரு பாஸ் பேசறது?"

"சிஸ்டர் டமாரிஸோட கணவர்."

"அவங்களுக்குக் கல்யாணமே ஆகலையே! அவங்க வாழ்க்கை வரலாறே என் கைல இருக்கு, பாஸ்."

"அவ உயிரோட இருக்கா. இப்ப அடுப்படியில நிக்கிறா."

"இப்படி எத்தனை கிழவிங்க போன் பண்றாங்க தெரியுமா? சரி, உண்மைன்னே வெச்சுக்குவோம். செத்தவங்க பாட்டுன்னா கூட்டம் வரும். முட்டி வலிக்கிற கிழவி பாட்டுக்கு எவன் வருவான்?"

நான் "நன்றி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நன்றி! எதற்கு நன்றி? என் வாயை என்ன செய்வது?

முழங்கால் வலி அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே. ஒருவேளை கிழவிகள் எல்லோருக்கும் முழங்கால் வலி என்று கணக்கு. அல்லது அவனுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும்.

ஜனவரி 18, வியாழன்

பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடிருப்பதாக அலுவலகத்துக்குச் சான்று தர வேண்டும். டெல்ரோஸுக்குப் பாஸ்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, லேமியின் அஞ்சலியை விளம்பரம் செய்யும் வானொலி நிலையத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் பொறுமையாகப் படித்தாள்.

"டெல்ரோஸ் லிண்டோ உயிரோட இருக்காங்கன்னு போட்டிருக்கு, சார். டமாரிஸ் உயிரோட இருக்காங்கன்னு எங்க இருக்கு?"

தர்க்கப்படி அவள் சொன்னது சரி. என் மாணவி யாராவது சொல்லியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பேன். பேருந்தில் வீடு திரும்பும் வரை அந்தச் சான்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

தேவாலயத்தில் டெல்ரோஸ் உதட்டை மட்டும் அசைத்தாள். மத்தியானம் மீன் பொரித்தாள், அவரைச் சோறு வடித்தாள். அடுப்படியில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. இத்தனை வருடங்களில் அவள் பாடாமல் சமைத்து நான் சாப்பிட்டதில்லை.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"முதல் தடவை செத்தப்ப சிரிப்பு வந்துச்சு, லிண்டோ. இந்தத் தடவை வரல."

ஜனவரி 27, சனி

மெல்கி வந்தான். முன்பு என் மாணவன், இப்போது தலை நரைத்தவன். 'மெல்கி ஹை பவர்' என்ற ஒலிபெருக்கிக் குழு அவனுடையது. சனிக்கிழமைகளில் திடலில் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போடுவான். வரைபடத்தில் ஒருநாளும் தலைநகரங்களைச் சரியாகக் குறித்ததில்லை.

"சார், கம்பத்துக்குக் கம்பம் மிஸ் டெல்லைப் புதைச்சு வெச்சிருக்கான். நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"கடிதம் எழுதிட்டு இருக்கேன், மெல்கி."

"கடிதம்!" என்று அவன் மேலே பார்த்தான், அங்கே கடவுள் உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்பது போல. "மிஸ் டெல், எனக்கு ஒரு ஸ்பெஷல் பாடிக் கொடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஸ்பெஷல் என்றால், பாடகர் தன் பழைய பாட்டையே ஒரு குழுவுக்காக, அந்தக் குழுவின் பெயரை வரிகளில் வைத்து, மறுபடி பாடித் தருவது. உலகத்தில் ஒரே ஒரு பிரதி. அந்தக் குழு மட்டும்தான் போடலாம். போட்டி நடக்கும் திடலில் எதிராளியிடம் இல்லாத ஸ்பெஷலைப் போட்டவன் வென்றான்.

"என் குழு ஆரம்பிச்சு பத்து வருஷம்கூட ஆகலை, சார். அது பேரை அவங்க பாடினா, எப்பவோ செத்தவ எப்படிப் பாடியிருப்பா?"

வகுப்பில் இவ்வளவு மூளையை எங்கே ஒளித்து வைத்திருந்தான்?

ஜனவரி 30, செவ்வாய்

ஸ்டூடியோவில் பதிவு முடிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் நடுங்க, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாடினாள். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மெல்கி நேற்றுத் திடலில் போட்டிருக்கிறான். காலையில் வந்தவன் கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"கூவிட்டாங்க, சார். கம்ப்யூட்டர்ல செஞ்சதாம். 'செத்தவளை மெஷின்ல பாட வைக்கறியா, வெக்கமா இல்லையா'ன்னு பாட்டில் எறிஞ்சாங்க. பதிவும் ரொம்பச் சுத்தமா இருந்துச்சு, சார். அதான் வினை."

டெல்ரோஸ் கேட்டுக்கொண்டே பட்டாணி உரித்தாள். "முன்ன செத்துட்டேன்னாங்க. இப்ப நான் மெஷின்."

பிப்ரவரி 6, செவ்வாய்

வானொலியில் லேமி. செத்தவர்களின் குரலைத் திருடும் கயவர்களைப் பற்றி மிகுந்த வேதனையோடு பேசினான். 'சிஸ்டர் டமாரிஸின் ஆன்மா அமைதியுறட்டும்' என்று முடித்தான்.

வானொலிப் பெட்டியை அணைத்தேன். அணைத்த பிறகும் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தேன். கழன்று கையோடு வந்துவிட்டது.

பிப்ரவரி 10, சனி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஸ்பெஷலை மறுபடி பதிவு செய்ய, டெல்ரோஸின் முழங்காலுக்காக மெல்கி கருவிகளை வீட்டுக்கே கொண்டுவந்தான். முன்னறையில் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு மைக்கை நிறுத்தினான். புழுக்கம் தாங்காமல் ஜன்னலை மட்டும் திறந்து வைத்தோம். அவள் பாட ஆரம்பிக்கும் நேரத்தில் வெளியே கார் சத்தம். கேட்டில் லேமி. வெள்ளைச் சட்டை, கையில் பூங்கொத்து. பூங்கொத்து!

நான் போனேன். எப்போதும்போல் 'வணக்கம்' சொல்லத்தான் போனேன்.

"பாஸ், நமக்குள்ள என்ன சண்டை? ஆன்ட்டியை நிகழ்ச்சிக்குக் கூட்டிட்டு வாங்க. மேடையிலயே நாற்காலி போடறேன். 'மறைந்த டமாரிஸின் உயிர்த்தோழி'ன்னு அறிமுகப்படுத்தி ரெண்டு வார்த்தை பேச வைக்கிறேன். கண்ணீர் விட்டாங்கன்னா இன்னும் நல்லது."

அவளுடைய சாவுக்கு அவளே அழ வேண்டும்.

அதற்குப் பிறகு பேசியது நான்தான் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, கேட்டின் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன் என்பது மட்டும்தான். பக்கத்து வீட்டு மிஸ் பேன்சியின் நாய் குரைத்தது. "விடாதீங்க சார், கொடுங்க அவனுக்கு!" என்று மிஸ் பேன்சி மதிலுக்கு மேலிருந்து கத்தியது நினைவிருக்கிறது. பூங்கொத்து சாக்கடையில் கிடந்தது. நான் எறிந்தேனா, அவன் தவறவிட்டானா?

உள்ளே வந்தால், மெல்கி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரிப்பு.

"மைக் ஓடிட்டு இருந்துச்சு, சார்."

டெல்ரோஸ் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இசையைப் போடு, மெல்கி" என்றாள். நின்றபடி, எதையும் பிடிக்காமல் பாடினாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஒரு மனிதனைத் தெருவில் வைத்து 'டா' போட்டுப் பேசியிருக்கிறேன். பாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது?

பிப்ரவரி 18, ஞாயிறு

தேவாலயத்துக்குப் புறப்படுமுன் மெல்கி வந்துவிட்டான். பெட்டிகளைக்கூட இறக்காத லாரியோடு. நேற்றைய திடலைப் பற்றி அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதல்ல உங்க குரல்தான் சார். இசை இல்ல, ஒண்ணும் இல்ல. 'கேட்டுக்கு வெளிய நில்லுடா! இந்த வீட்ல யாரும் சாகலை! என் பொண்டாட்டி உள்ள பாடிட்டு இருக்கா, காது இருந்தா கேளு! நீ எந்த ஸ்கூல்ல படிச்ச? எந்த வாத்தியார் உன்னைப் பாஸ் போட்டது? பேரைச் சொல்லுடா, நான் போய் அவரைக் கேக்கறேன்!' நாய் குரைக்குது. மிஸ் பேன்சி கத்தறாங்க. திடல்ல வேற சத்தமே இல்ல. அப்புறம் மிஸ் டெல் எடுத்தாங்க பாருங்க, முதல் வரி — ஜனங்க சந்தோஷத்துல தகரவேலியை அடிச்சே நெளிச்சுட்டாங்க, சார்! நிறுத்தி முதல்ல இருந்து போடுன்னு ஒரே கூச்சல். திரும்பத் திரும்பப் போட்டேன்."

"மெஷின்னு யாரும் சொல்லலையா?"

"ஒருத்தன் ஆரம்பிச்சான். பக்கத்துல இருந்த பொம்பளை கேட்டா, 'எந்த மெஷின்டா இப்படி ஸ்கூலைக் கேட்டுத் திட்டும்?'ன்னு."

தேவாலயத்தில் பாஸ்டர் என் கையைக் குலுக்கினார். "எந்த ஸ்கூல், சகோதரரே?" என்றார்.

டெல்ரோஸ் இன்று பாடினாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 21, புதன்

கடை முன் கம்பத்தில் அதே சுவரொட்டி. 'மறைந்த' என்ற சொல்லின்மேல் லேமி வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறான். வெயிலில் அடியில் இருப்பது தெரிகிறது.

மன்னிப்பு இல்லை. ஒரு சொல்லை மூடினால் ஒருத்தி எழுந்து வந்துவிடுவாள் என்று நினைப்பு! மத்தியானம் ஒத்திகைக்கு அவளை அழைத்துப்போகக் காரும் ஆளும் அனுப்பினான். டெல்ரோஸ் வாசலுக்குக்கூட வரவில்லை. உள்ளிருந்தே சொன்னாள்: "டமாரிஸைத்தானே கூப்பிட்டாரு? அவங்க செத்துட்டாங்கன்னு அவர்கிட்டயே போய்ச் சொல்லு."

கார் போன பிறகு, கடைவரை நடந்து, சுவரொட்டியைக் கிழித்தேன். பட்டப்பகலில். இளநீர்க்காரன் கைதட்டினான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பி வைத்தேன். சனிக்கிழமை லேமியின் அஞ்சலி என்ன ஆனது என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

ஸ்பானிஷ் டவுனில் இருந்து ஒரு குழு ஸ்பெஷல் கேட்டிருக்கிறது. என்ன பெயர் போடுவது என்றார்களாம். "டெல்ரோஸ் லிண்டோ" என்று சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு வாத்தியாரின் திட்டும் வேண்டுமாம்.

மத்தியானம் மைக்கின் முன் நின்றேன். வார்த்தைகள் எல்லாம் வந்தன, கோபம் வரவில்லை. "தயவுசெய்து கேட்டுக்கு வெளியே நில்லுங்கள் என்கிற மாதிரி இருக்கு, சார்" என்றான் மெல்கி. "அந்த ஆள் மூஞ்சியை நினைச்சுக்கோங்க" என்றான். நினைத்தேன். அப்போதும் வரவில்லை.

"விடு, மெல்கி. நாளைக்கு எடுக்கலாம்" என்று டெல்ரோஸ் அடுப்படியிலிருந்து சொன்னாள். "மறுபடி கருவாட்டை மறந்துட்டு வந்திருக்காரு. சாயங்காலம் நான் நாலு வார்த்தை கேட்டா, காலைல தானா கோபம் வந்துடும்."

சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மீனைப் போடும்முன்பே அவள் பாட ஆரம்பித்துவிட்டாள்.