நாற்பத்தொரு எண்கள்

நியூ டவுன்
3 ஜூலை 2023

அன்புள்ள பத்மாவுக்கு,

பதினான்கு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்திருப்பாய். காப்பி குடித்து முடித்துத்தான் பிரித்திருப்பாய். இருக்கட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் இடது காது ஆறு வயதில் பொன்னுக்குவீங்கியில் போனது உனக்குத் தெரியும். இப்போது வலது காதின் நரம்பில் ஒரு கட்டி. ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி அறுவை சிகிச்சை. உயிருக்குப் பயமில்லை, ஆனால் காது மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் யார் பேசினாலும் வார்த்தைகள் கலங்கலாகிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் பதினான்கு வருஷத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? அதனால்தான் கடிதம்.

எனக்கு ‘ஜெட்டி’யை, படகுத்துறையின் பெயர் வைத்த நம் இசையை, ஒரு தடவை கேட்க வேண்டும். இணையத்தில் இருப்பதை அல்ல. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில், என் அப்பா டியூட்டிக்குப் போன மத்தியானங்களில், அந்தப் பழைய வீட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்து நாம் இருவரும் அமைத்தோமே, அதை. கப்பல் கட்டும் தளத்தின் சங்கொலி அக்கரையில் முட்டித் திரும்புவது போல அடியில் ஒரு சுரம் ஊர்ந்து வரும். அதைக் கேட்டுவிட்டு அறுவைக்கு உள்ளே போனால் போதும் என்றிருக்கிறது.

கணினி உன்னிடம்தான் இருக்கிறது. ஓடுகிறதா? ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா. வீட்டில் என் கணவர் சிவராமும் நானும்தான்.

சுப்ரியா


பாலிகஞ்ச்
10 ஜூலை 2023

மதிப்பிற்குரிய சுப்ரியாவுக்கு,

வணக்கம். உன் மூன்றாம் தேதிக் கடிதம் ஆறாம் தேதி கிடைக்கப் பெற்றேன். உறையை உடனே பிரித்தேன் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். காப்பி அதன் பிறகுதான்.

உன் உடல்நிலை குறித்து எழுத எனக்குத் தகுந்த சொற்கள் அமையவில்லை. அமையாத சொற்களைத் தேடிக் காலம் கடத்துவதைவிட, நீ கேட்டதைச் செய்து முடிப்பதே முறை என்று கருதுகிறேன்.

கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். மின்சாரம் கொடுத்தபோது திரையில் இருளைத் தவிர ஒன்றுமில்லை. பழைய அடாப்டர் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் தந்து நினைவகச் சிப் ஒன்றைச் சுட்டிருந்தது. அடாப்டரை நானே புதிதாகக் கட்டினேன். சுட்ட சிப்பை மாற்றினேன். அதன் வழக்கமான நீலத் தொடக்கத் திரை தோன்றியது. வரலாற்றில் பட்டம் பெற்று, மின்னணுவியலை எந்தக் கல்லூரியிலும் கற்காத ஒருத்தியிடம் இன்று பெங்களூரிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பழைய கணினிகள் பழுது நீக்க வருகின்றன. இதை உன்னிடம் சொல்ல இத்தனை ஆண்டுகளாக வாய்ப்பு நேரவில்லை.

ஒலிச் சிப்பில்தான் குறை கண்டேன். ஒலியை வடிகட்டித் தரும் அதன் பகுதி, கையேட்டிலுள்ள அளவுக்கு வெகுவாகக் கீழே இருந்தது. சோதனைச் சுரம் ஒவ்வொன்றும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக ஒலித்தது. இரண்டு அளவுகள் எடுத்ததுமே அது கெட்டுவிட்டது என்று தீர்மானித்தேன். இத்தகைய சிப்பை அகற்ற ஒரு முறை உண்டு. அதை முழுதாக எடுக்க முயன்றால் பலகையின் மெல்லிய செம்புக் கோடுகள் சூட்டில் உரிந்துவிடும். ஆகவே சிப்பைக் கைவிட்டு, அதன் கால்களை உடலோடு ஒட்ட வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடு காட்டி எடுக்க வேண்டும். இருபத்தெட்டுக் கால்கள். பலகையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மாற்றுச் சிப் நம் ஊர்ச் சாந்தினி சௌக்கில், பழைய மின்னணு உதிரிகள் விற்கும் ஹரீஷின் கடையில் கிடைத்தது. “தீதி, எட்டு மாசமா டப்பாவுல தூங்குது. நீங்க வரலேன்னா இதைச் செயின்ல கோத்து டாலராப் போட்டுக்கலாம்னு இருந்தேன்” என்றான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

கணினி படிக்கும் வடிவில் இசைக் குறிப்புகள் பதிந்த கேசட்டும், வடிகட்டும் அளவுகளை நீ எழுதிவைத்த நீல நோட்டும் உன்னிடம் இருக்கின்றன. அனுப்பி வைக்கவும். கணினியைக் குறையற்ற நிலையில் கொண்டு வருவேன்.

இங்ஙனம்,
பத்மஜா


நியூ டவுன்
15 ஜூலை 2023

அன்புள்ள பத்மாவுக்கு,

‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கியதைப் பார்த்துவிட்டு சிவராம், “யாரு இது, பேங்க் மேனேஜரா? லோன் ஏதாவது பாக்கி வெச்சிருக்கியா?” என்று கேட்டார். இரண்டு நாளாக அதையே சொல்லிச் சிரிக்கிறார்.

கேசட்டையும் நோட்டையும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதே. ஒரு வாய் காப்பி கொடு.

கால்களை வெட்டியதாக எழுதியிருக்கிறாய். எனக்கு இந்தத் தொழில் தெரியாது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல என்று எழுதினாயே, அது புதிதாக வந்த குறையா? அந்தக் கணினி முதல் நாளிலிருந்தே அப்படித்தானே பாடியது? அந்த மங்கலுக்குள்தானே நான் சங்கைத் தேடிக் கண்டுபிடித்தேன்?

2009இல் ‘ஜெட்டி’யை இணையத்தில் போடும்போது, வடிகட்டுவதற்கான என் எண்களில் நாற்பத்தொன்றை மாற்றினாய். “சும்மா காதால வெச்சா ஆச்சா? எந்த எண்ணுக்கு எந்த அளவுன்னு புத்தகத்திலே இருக்கு. உனக்குக் கணக்கு வராதுடி” என்றாய். என் பெயரையும் போட்டு, என்னுடையதல்லாத ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுத்தாய். அதன் பிறகு நான் பாலிகஞ்ச் பக்கம் வரவில்லை. இதைச் சண்டைக்காக இப்போது எழுதவில்லை. நோட்டில் என் எண்கள் பென்சிலில் இருக்கின்றன. இந்தத் தடவையாவது ரப்பரை எடுக்காதே.

சுப்ரியா


பாலிகஞ்ச்
26 ஜூலை 2023

அன்புள்ள சுப்ரியாவுக்கு,

திரு. சிவராம் அவர்கள் இரண்டு காப்பி அருந்தினார்கள்.

கேசட்டை ஏற்றினேன். புதிய சிப்பில் உன் எண்களைக் கேட்டபோது தகர டப்பாவில் ஆணிகளை உருட்டியது போலிருந்தது. சங்கொலி எழவே இல்லை. பிறகு என் திருத்தங்களை ஏற்றிக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்கத் தோன்றவில்லை. அதன்பின் இரண்டு நாட்கள் மேசைப் பக்கம் போகவில்லை.

நேர்ந்தது இதுதான். இந்த வகை ஒலிச் சிப்புகளில் வடிகட்டும் பகுதி ஒன்றில் இருப்பது போல மற்றொன்றில் இராது. ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்த இரண்டுகூட வெவ்வேறாக ஒலிக்கும். இந்தத் துறையில் இருப்பவர் எவரும் இதை அறிவர். நானும் அறிவேன், பிறருக்கு விளக்கி எழுதியும் இருக்கிறேன். நம்முடைய கணினிக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்க்கத் தவறினேன். நம் சிப் கெட்டுப்போகவில்லை. அதன் பிறவிக் குணமே அது. உன் காது அந்தக் குணத்தை அறிந்து ஒவ்வொரு எண்ணையும் அமைத்தது. நான் கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு உன்னைத் திருத்தினேன். பிழை 2009இலும் என்னுடையது, இந்த மாதமும் என்னுடையது.

வெட்டிய கால்களையும் சிப்பையும் ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். சிப்பின் உடலை ஓரத்தில் தேய்த்து, மயிரிழைக் கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்துப் பார்த்தேன். மின்சாரம் கொடுத்த மறு நிமிடம் விரல் வைக்க முடியாதபடி கொதித்தது. இனி அது பாடாது.

ஒரு வழி உள்ளது. எமுலேட்டர் என்று சொல்வார்கள். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும்படி இன்றைய கணினிக்கு எழுதப்பட்ட நிரல். நான் அதைப் பொம்மலாட்டம் என்று ஏளனம் செய்தவள் என்பது உனக்கு நினைவிருக்கும். அதில் வடிகட்டும் அளவுகளை நாமே வரைந்துகொள்ளலாம். ஆனால் நம் சிப்பின் அளவுகள் எவரிடமும் இல்லை. வெட்டுமுன் நான் எடுத்தவை இரண்டே. எஞ்சிய சாட்சி உன் நாற்பத்தொரு எண்கள். அவை அனைத்தும் சரி என்று ஏற்றுக்கொண்டு, அவை சரியாக ஒலித்திருக்க வேண்டுமானால் அந்தச் சிப் எவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு வருகிறேன்.

ரப்பரை எடுக்கவில்லை.

பத்மஜா


நியூ டவுன்
1 ஆகஸ்ட் 2023

அன்புள்ள பத்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. காதுக்குள்ளேயே எல்லாம் செலவாகிவிடுகிறது போலும்.

குக்கர் விசில் இப்போது கேட்பதில்லை. எதிர்வீட்டு வங்காளி மாமி போஸ் காக்கிமா மணியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் கதவைத் தட்டோ தட்டென்று தட்டுகிறாள். மழை பெய்கிறதா என்று ஜன்னலில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நம் சங்குச் சுரம் கீழ்ஸ்தாயியில் இருப்பதால் அது இன்னும் எட்டும் என்று நினைக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. தலைசுற்றல் அதிகமானால் தேதியை முன்னால் இழுத்துவிடுவேன் என்கிறார் டாக்டர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வா. எதுவரை முடிந்திருக்கிறதோ அதுவரை போதும். நீ எண்ணை ஏற்றி இறக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து, சரியாக வரும்போது கையைத் தூக்குகிறேன். குவார்ட்டர்ஸில் அப்படித்தானே செய்தோம்? நீ தனியாக மூன்று வாரம் கணக்குப் போடுவது அரை நாளில் முடிந்துவிடும்.

சிவராம் இட்லிக்கு அரைக்கச் சொல்லியிருக்கிறார். வா பத்மா.

சுப்ரியா


பாலிகஞ்ச்
10 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சுப்ரியாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வராதது பற்றி எழுத வேண்டும். அன்று எங்கள் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. அது காரணமன்று. பிற்பகலில் நீர் வடிந்துவிட்டது. கணினியைப் பையில் வைத்து, டாக்ஸிக்கும் சொல்லி, படியில் நின்று, திரும்பி மேலே ஏறிவிட்டேன். உன் முன்னால் ஒருமுறை பிழையோடு நின்றிருக்கிறேன். மறுமுறையும் அவ்வாறு நிற்க என்னால் ஆகவில்லை. நீ கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன்.

இத்துடன் கூரியரில் ஒரு சிறு பெட்டி அனுப்புகிறேன். உள்ளே இருப்பது ஒலிப்பதிவன்று; எமுலேட்டரே ஓடுகிறது, பொத்தானை அழுத்தியதும் ‘ஜெட்டி’யை அப்போதைக்கப்போது புதிதாக வாசிக்கும். மூன்று பொத்தான்கள் உள்ளன. கணக்கிட்டதில் நம் சிப் மூன்று விதமாக இருந்திருக்கக்கூடும் என்று முடிவாயிற்று. மூன்றிலும் உன் எண்கள் அவ்வண்ணமே பொருந்துகின்றன. ஒன்றுதான் மெய்யாக இருக்க முடியும். அதை எண்களால் கண்டறிய இயலாது. உன் காதால் இயலும். ஹெட்போனும் உடன் வைத்துள்ளேன். எது என்று ஒரு வரி எழுதினால், மற்ற இரண்டையும் அழித்துவிட்டு, அந்த ஒன்றோடு இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவேன். இணையத்தில் உள்ள பழையதையும் நீக்கிவிட்டு, உன் பெயரை முதலில் வைத்து இதை இடுவேன்.

நான் பயன்படுத்திய எண்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சரிபார்த்துக்கொள்ளவும்.

அறுவைத் தேதி மாறுமாயின் உடனே தெரிவிக்கவும். மாறாதாயின் இன்னும் பதினொரு நாட்கள் உள்ளன. போதுமானவை.

அன்புடன்,
பத்மஜா


நியூ டவுன்
29 ஆகஸ்ட் 2023

அன்புள்ள பத்மாவுக்கு,

உன் பெட்டி பதினான்காம் தேதி வந்தது. எனக்குப் பதினோராம் தேதியே முடிந்துவிட்டது.

ஒன்பதாம் தேதி குளியலறையில் தலைசுற்றி விழுந்தேன். அன்றே சேர்த்துவிட்டார்கள். சிவராம் உனக்குப் போன் செய்கிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். முடிக்காத வேலையை அப்படியே போட்டுவிட்டு நீ ஓடி வருவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. வருகிறாயா என்று சோதித்துப் பார்க்கத் தைரியமும் இல்லை.

கடைசியாகக் கேட்டது தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சரின் சக்கரம். எண்ணெய் போடாத சக்கரம். நல்ல சுரம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பெட்டியைப் பிரித்தேன். அழகாகச் செய்திருக்கிறாய். மூன்று பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. சிவராமைக் கேட்கச் சொன்னேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூன்றையும் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். பிறகு கேஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: “மூணும் ஒண்ணாத்தானே இருக்கு?” அவரைக் குற்றம் சொல்லி என்ன? அவர் குவார்ட்டர்ஸில் நம்மோடு உட்கார்ந்தவர் இல்லை.

எது மெய் என்று கேட்டிருந்தாய். இனி அதை யாரும் சொல்ல முடியாது, பத்மா.

என் தலைக்குள் அது எப்போதும் இருக்கும் என்று எழுதிவிடாதே. எல்லோரும் அப்படித்தான் எழுதிக் காட்டுகிறார்கள். சங்குச் சுரம் இப்போதே நகர ஆரம்பித்துவிட்டது. நேற்று நினைவில் இருந்த இடத்தில் இன்று இல்லை.

உன் தாளைப் படித்தேன். நோட்டு உன்னிடம் இருந்தால் என்ன, எனக்கு அவை மனப்பாடம். விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். பதினேழாவது எண் அந்தக் காலத்திலேயே உனக்குப் பிடிக்காது. அதையும் தொடாமல் விட்டிருக்கிறாய். நாற்பத்தொன்றும் என்னுடையவை. அதைக் கேட்கத்தான் முடியவில்லை, படிக்க முடிந்தது.

இணையத்தில் எதையும் போடாதே. மூன்றில் ஒன்றை நீயே தேர்ந்தெடுத்து அதுதான் என்று சொல்வதும் வேண்டாம்.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளச் சொல்லித் தருகிறார்கள். உன் தமிழுக்கு அது ஈடு கொடுக்காது. துர்கா பூஜை முடியும்வரை யாரையும் பார்ப்பதாக இல்லை. பிறகு வருவதானால் வா, எழுதிப் பேசிக்கொள்ளலாம். சரிசெய்த எதையும் எடுத்து வராதே. அந்தத் தீப்பெட்டியை மட்டும் கொண்டு வா.

சுப்ரியா