கானானில் ஏற்கெனவே இருந்தவர்கள்

அண்ணை,

இன்று காலை இந்த டென்மார்க் ஊரின், எஸ்பியர்க்கின், துறைமுகப் பக்கமிருந்து அடித்த மீன் வாடை, உங்களோடு ஒரே அறையில் இருந்த காலத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டது. மீன் தொழிற்சாலையில் வேலை முடிந்து, அந்த வாடை மாறாத உடுப்போடுதான் வெள்ளிக்கிழமைகளில் டேனிஷ் போதகர் வீட்டு வேத வாசிப்புக்குப் போவோம்.

உங்கள் மனைவியும் மகளும் அப்போது மட்டக்களப்பில். அவர்களை இங்கே எடுக்க நீங்கள் கொடுத்த விண்ணப்பத்துக்கு, பொறுத்திருங்கள் என்பதைத் தவிர வேறு பதிலில்லை. "இல்லையெண்டும் சொல்லுறாங்களில்லை, ஓமெண்டும் சொல்லுறாங்களில்லை. மேலயிருந்து ஆரோ மறிக்கிறாங்கள்," என்பீர்கள். சட்டமுள்ள நாட்டில் அப்படி நடக்குமா என்று கூட வேலைசெய்த மற்றத் தமிழர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, முழுதாக நம்பவுமில்லை.

ஒரு வெள்ளி, கடவுள் ஆபிரகாமுக்குக் கானான் தேசத்தை வாக்களித்த பகுதியை வாசித்தோம். நீங்கள் இடைமறித்தீர்கள்.

"அந்தக் காணியில முந்தியே சனம் இருந்ததுதானே? அதுகளிட்டை ஆர் கேட்டது?"

மொழிபெயர்ப்பவன் நான். உங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கிய ஒரே டேனிஷ்காரர் அந்தப் போதகர். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். ஆனாலும் கேட்டதை அப்படியே சொன்னேன்.

"அவர்கள் பாவத்தில் வாழ்ந்த மக்கள் என்கிறது வேதம்," என்றார் போதகர்.

"எங்கட வயலைப் பறிச்சவையும், அது தங்கட சமயத்துக்கெண்டு எழுதிவைச்ச மண் எண்டுதான் சொன்னவை. எங்களைப் பற்றியும் இப்பிடித்தான் கதைச்சவை."

அதையும் அப்படியே சொன்னேன். போதகர் புத்தகத்தை மறுபடி திறந்து, அந்த வாக்குறுதியோடு சேர்ந்தே எழுதியிருந்த பெயர்களை மெல்ல வாசித்தார். கேனியர், ஏத்தியர், எமோரியர், கானானியர், எபூசியர் என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். "இத்தனை வருடமும் இந்த வரியை வேகமாகத் தாண்டிவிட்டேன்," என்றார் அவர்.

திரும்பும் வழியில் நீங்கள் சொன்னது: "நல்ல மனிசன். எண்டாலும் பாப்பம்."

பிறகு ஒருநாள் செய்தி வெளிவந்தது. இந்நாட்டு நீதி அமைச்சரின் சொல்லிலேயே நம்மவர் விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடப்பட்டிருந்தன. சிரித்தவர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். "அங்க பிள்ளை வளந்திட்டுது," என்று மட்டும் சொன்னீர்கள்.

கடைசியில் அனுமதி கிடைத்து உங்கள் மனைவியும் மகளும் வந்திறங்கிய அன்று, மகள் உங்களை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள். கூட வந்திருந்த போதகர், "இனி இது உங்கள் நாடு" என்றார்.

"நாடு வேண்டாம் ஐயா. ஒருத்தரும் வெளியில போகச் சொல்லாத ஒரு வீடு போதும்."

இப்போது நீங்கள் இல்லை. 'அதுகளிட்டை ஆர் கேட்டது?' என்ற உங்கள் சந்தேகம் என்னிடம் இருக்கிறது. நம்மவர் கூட்டங்களில் யாராவது, நம் ஊர் மண் நமக்கென்றே கடவுள் தந்தது என்று முழங்கினால் மண்டபமே கைதட்டுகிறது. நான் தட்டுவதில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். பார்க்கட்டும், அண்ணை.