காதில் விட்ட எண்ணெய்

அக்கா,

இன்று சனிக்கிழமை. அடுப்பங்கரையிலிருந்து பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வாசம் வந்துகொண்டிருந்தது. அம்மா கரண்டியோடு வந்து, "தலயச் சாய்ச்சுக் காட்டுலே, ரெண்டு சொட்டு விடுதேன்" என்றாள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். காது டெஸ்ட் முடிந்து நான்கு நாள் ஆகிறது. இனி ஒரு படி எண்ணெய் ஊற்றினாலும் எதுவும் கெட்டுப்போகாது. ஆனாலும் கை தானாகப் போய் மூடிக்கொண்டது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

உனக்குப் புரிந்திருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு சனிக்கிழமை, கரண்டி உன் கையில் இருந்தது. ராதாபுரம் காற்றாலையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த எனக்கு, கடலடியில் குழாய்களைப் பற்றவைக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று வெறி பிடித்திருந்த நேரம். அதற்கான ஆரம்ப டைவிங் கோர்ஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. நீச்சலுக்காகத் தினமும் விடிந்ததும் குறுக்குத்துறையில் ஆற்றில் இறங்கி, ஓட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்தது மருத்துவச் சான்றிதழ் ஒன்றுதான். திங்கட்கிழமை காது டாக்டரைப் பார்க்க வேண்டும், புதன்கிழமைக்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும்.

ஆற்றுத் தண்ணீர் ஏறி இடது காது குத்துகிறது என்று நான் சொன்னதும் நீதான் அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாய். "படுலே, நான் விடுதேன்" என்றாய். இரண்டு சொட்டு இல்லை, காது நிறைய விட்டாய். வலிக்காத காதிலும் விட்டுப் பஞ்சு வைத்து அடைத்தாய். மறுநாளும் அப்படியே. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள் செய்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நானும் ஆட்டுக்குட்டி மாதிரி தலையைக் காட்டிக்கொண்டு கிடந்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "உள்ள ஒரே எண்ணெயும் அழுக்குமா ஊறிக் கெடக்கு. செவிப்பறையே தெரியல. என்னத்தப் பாத்துக் கையெழுத்துப் போட? சொட்டு மருந்து எழுதித் தாரேன், பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார். பத்து நாள் கழித்து யாருக்கு வேண்டும் அந்தக் கையெழுத்து? என் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது நீ டியூட்டிக்குப் போகச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே, "போட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றாய். அந்தத் தலை நிமிராததில்தான் எனக்கு முதலில் பொறி தட்டியது. என் குணம் உனக்குத் தெரியும். "சாம்பார்ல உப்பு கூடிட்டா, யாரு போட்டா, எப்பப் போட்டான்னு கேஸு நடத்துவான் இவன்" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். அன்று மனதுக்குள் உன் மேலேயே கேஸ் நடத்தினேன். காதில் எண்ணெய் விடாதே என்று வருஷக்கணக்காக அம்மாவிடம் சண்டை போட்டவள் யார்? "காதுல எண்ணெய ஊத்திட்டு எங்க ஓ.பி.ல வந்து வரிசையில நிக்காதீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் விரட்டியவள் யார்? அவளே கரண்டியைக் கேட்டு வாங்குகிறாள் என்றால்? அதற்கு முந்தின வாரம் மருத்துவப் படிவத்தை வாங்கி வரி வரியாகப் படித்ததும் நீதான்.

ஆனால் கேட்கவில்லை. கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். அதற்குப் பிறகு நீ காபி கொடுத்தால்கூட ஒரு நிமிஷம் யோசித்துத்தான் வாங்கினேன். ஏன் கம்பெனியில் லீவு தர மாட்டேன் என்கிறார்கள், நீ யாரிடமாவது சொல்லி வைத்தாயா என்றெல்லாம் புத்தி போனது. எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தாய், ஆறாம் நாள் எங்களை விட்டே போய்விட்டாய். என் கேஸ் அப்படியே நின்றுவிட்டது.

இந்த வருஷம் மறுபடியும் விண்ணப்பித்தேன். செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் உன் ஆஸ்பத்திரிக்கே போனேன். ஒரு மாதமாக ஒரு சொட்டு எண்ணெய் படாத காது. டாக்டர் இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "பளிச்னு இருக்கு" என்று எழுதிக் கொடுத்தார். சந்தோஷமாக வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு சிஸ்டர் வழிமறித்தார்கள். எஸ்தர் சிஸ்டர், உன்னோடு வார்டில் வேலை பார்த்தவர்கள்.

"நீ அவ தம்பில்லா? அதே மூஞ்சி" என்றார்கள். கையிலிருந்த படிவத்தைப் பார்த்ததும் அவர்கள் குரல் இறங்கிவிட்டது. "போகத்தான் போறியா? அவ எவ்வளவு தடுத்தா."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே சிஸ்டர்."

"எப்படிச் சொல்லுவா? அப்பம் எங்க வார்டுல ஒருத்தரு கெடந்தாரு. கடல்ல சங்கு எடுக்கப் போனவரு. அடியில இருக்கும்போது மேல படகுல இருந்தவங்க என்னவோன்னு பதறி, ஒரேயடியா இழுத்துட்டாங்களாம். அப்படி வேகமா மேல வந்தா ரத்தத்துல காத்து குமிழு கட்டிருமாம். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் வேல செய்யல. ரெண்டு மாசம் அவரப் பொரட்டிப் போட்டுத் தொடச்சது ஒங்க அக்காதான். எந்தம்பியும் இதுக்குத்தான் போறேன்னு நிக்கான், சொன்னாக் கேக்க மாட்டான், வேற வழிதான் பாக்கணும் சிஸ்டர்னு எங்கிட்டச் சொன்னா."

ஆக, என் சந்தேகம் சரிதான். மூன்று வருஷமாகத் தேடிய சாட்சி கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கோபத்தோடேயே நடந்தேன். வேற வழியாம். என்னை அந்த வார்டுக்குக் கூட்டிப் போய் அந்த மனுஷனைக் காட்டியிருக்கலாம் இல்லையா? பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். காட்டியிருந்தாலும் நான் போயிருப்பேன். அது உனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்கும் அளவுக்கு அழுதேன். வேண்டுமென்றே எண்ணெய் விட்டாளா என்று எட்டு மாதம் யோசித்தவன், ஏன் விட்டாள் என்று ஒரு நாள் யோசிக்கவில்லை.

ஆனாலும் போகிறேன் அக்கா. உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. பத்து நாளில் கிளம்புகிறேன். அந்த மனுஷனுக்கு ஏன் அப்படி ஆனது, மேலே வரும்போது எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்று வர வேண்டும் என்பதைத்தான் இப்போது முதலில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பயிற்சி கொடுக்கிறவர் போனில் பேசினார். மூச்சுக்காற்று மேலே படகிலிருந்து குழாய் வழியாகத்தான் வரும், அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பார், உயிர் அவர் கையில் என்று சொன்னார். "அந்த இடத்துல எந்த மாதிரி ஆளை நிக்க வைப்ப?" என்று கேட்டார். பலசாலி, அனுபவசாலி என்று எல்லோரும் சொல்வார்கள் போல.

"நான் எறங்குததே பிடிக்காத ஆளு சார்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஏன்?"

"அவங்கதான் சார் கண்ண எடுக்காம நிப்பாங்க. அவசரப்பட்டு இழுக்கவும் மாட்டாங்க."

"அப்படி ஒரு ஆள் உனக்கு இருக்காங்களா?" என்றார்.

இருந்தாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை அக்கா.

"இருக்காங்க சார்" என்றேன்.