சத்தத்தை நிறுத்தியது நான்தான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறோம். உன் சுகத்துக்கு நீ எழுதும் நாலு வரியைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம், அதனால் அடுத்த தடவை நாலை எட்டாக்கு. மலை முகாமில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கம்பளியைப் பெட்டியிலேயே மடித்து வைத்திருந்தால் குளிர் போகாதப்பா, எடுத்துப் போர்த்திக்கொள். அப்பாவுக்கு பஸ் டிப்போவில் மறுபடியும் இரவு ஷிப்ட் போட்டுவிட்டார்கள், பகலில் தூங்குகிறேன் என்று படுத்துக்கொண்டு தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறார். சின்னவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. கொஞ்ச நாளாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் பரீட்சை பயம் என்கிறாள். இதையும் அவள் கையாலேயே எழுத வைக்கிறேன், முறைக்காமல் எழுதடி என்கிறேன்.

நீ விட்டுப்போன லேப்டாப் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அது நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் சரியில்லை. கண் மங்கிய பிறகு நான் மூலையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று இந்த வேலையில் சேர்த்துவிட்டவனே நீதான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை வீட்டிலிருந்தே கேட்டு டைப் அடிக்கக் கண் வேண்டாம்மா, காதும் பத்து விரலும் போதும் என்றாய். பேட்டரி இறங்கினால் டிங் என்று சத்தம் வரும், உடனே தடவிப் பார்த்து ஒயரை அழுத்திவிடு என்றும் சொல்லிக் கொடுத்தாய். இரண்டு வருஷம் அப்படியே நடந்தது. இந்த மாதம் மூன்று தடவை அது பாதி வேலையில் அணைந்துபோனது, மூன்று தடவையும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. கடைசித் தடவை அழிந்துபோனது, ஆபரேஷன் டாக்டர் பேசிய ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு நான் அடித்தது. அந்த அறிக்கை போய்ச் சேராமல் நோயாளியின் வீட்டார் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்களாம். சூப்பர்வைசரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. உங்களுக்கு என்னம்மா ஆச்சு என்று மெதுவாகக் கேட்டாள்.

தெருமுனையில் டிவி ரிப்பேர் செய்கிறவரை, நாம் டிவி டாக்டர் என்போமே, அவரைக் கூட்டிவந்து காட்டினேன். சார்ஜர் சொருகும் இடம் ஆடுகிறது என்று மாற்றிக் கொடுத்தார். அப்புறம்தான், வார்னிங் சத்தம் வருமேம்மா, உங்களுக்குக் கேக்கலையா என்றார். கேட்கவில்லை என்றேன். மெல்லிசு சத்தம்தாம்மா முதல்ல போகும், எங்கம்மாவுக்கும் அப்படித்தான் ஆச்சு, ஆள் பேசுறது கேக்கும், கொசு கேக்காது என்றார். கொசுவாவது தூங்க விடுதே என்று நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய. அன்றிலிருந்து உன் அப்பா என்னிடம் பேசும்போது பஸ் புறப்படப் போகிறது என்று ஆள் கூப்பிடுகிற மாதிரி கத்துகிறார். ஆனால் யோசித்துப் பார்த்தேன், காதை நம்பிச் செய்கிற வேலை இது. நாளைக்கு ஒரு மருந்தின் அளவை நான் தப்பாகக் கேட்டு அடித்துவிட்டால் அது யார் வீட்டுப் பிள்ளையின் உடம்பில் போகும்? அதனால் நாளைக் காலை பத்து மணிக்கு ஆபீசுக்குப் போய் அவர்கள் கொடுத்த ஹெட்போனை ஒப்படைத்துவிட்டு, வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரப்போகிறேன். இதற்காக லீவு போட்டு ஓடி வராதே. நோய் நொடி அண்டாமல், போன வேலை முடிந்து முழு உடம்போடு திரும்பி வா, எனக்கு அது போதும். பல்வலி என்று எழுதியிருந்தாயே, டாக்டரிடம் காட்டாமல் தள்ளிப் போடாதே.

உன் அம்மா

அண்ணா, மேலே இருப்பது அம்மா சாயங்காலம் சொன்னது. கவரை ஒட்டி வைத்துவிடு என்றாள், நான் ஒட்டவில்லை. இனி எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அப்பா டிப்போவுக்குப் போய்விட்டார், அம்மா உள்ளறையில் படுத்திருக்கிறாள், நான் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். தரையில் வைத்து எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது, திட்டாதே.

அம்மாவின் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தத்தை நிறுத்தியது நான்தான். சாயங்காலத்தில் நான் அந்த லேப்டாப்பில் படிப்பேன். சார்ஜர் ஆடிக்கொண்டிருந்ததால் பேட்டரி இறங்கி இறங்கி, நிமிஷத்துக்கொரு தரம் டிங் டிங் என்று உயிரை வாங்கியது. எப்படிச் சரிசெய்வது என்று தேடிப் பார்த்தேன். செட்டிங்கில் எதற்கு எந்தச் சத்தம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பேட்டரி வரிக்கு நேராகச் சத்தம் வேண்டாம் என்று மாற்றிவிட்டேன். படித்து முடித்ததும் பழையபடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறந்துவிட்டேன் அண்ணா. முதல் தடவை அணைந்தபோது கரண்ட் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் தடவை பள்ளிக்கூடத்தில் இருந்தேன். டிவி டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவருடைய ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அம்மா கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தன் காதைத் தொட்டாள். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் ஸ்குரூ டிரைவரை அவரிடம் நீட்டினேன்.

அவர் போனதும் செட்டிங்கைப் பழையபடி மாற்றிவிட்டேன். ஆனால் சார்ஜர் சரியாகிவிட்டதால் பேட்டரி இறங்குவதே இல்லை, சத்தமும் வருவதில்லை. நேற்று நானே ஒயரைப் பிடுங்கி வைத்தேன். சத்தம் வந்தால் அம்மா தானாகக் கேட்டுக்கொள்வாள், நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா அப்பாவின் யூனிபாரத்தைக் காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். இன்று மத்தியானம் அவள் கட்டிலில் உட்கார்ந்து காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேக்குதாம்மா என்றேன். தேய்க்கிறது என் விரல்தானே, கேக்குற மாதிரி எனக்கே தோணுதோ என்னவோ என்றாள். அப்புறம்தான் பேனாவை எடுக்கச் சொன்னாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை என்ற வரியை என் கையால்தான் எழுதினேன், அவள் சொல்லி முடிக்கும் வரை தலையைத் தூக்கவே இல்லை.

அம்மா அடிப்பாள் என்று பயமில்லை. பரவால்லடி என்றுதான் சொல்லுவாள். ஆனால் மருந்துச் சீட்டு, கரண்ட் பில், நீ எழுதுகிற கடிதம் என்று எல்லாவற்றையும் நான் படித்துச் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். நான் சொல்வதைத்தான் அப்படியே நம்புகிறாள். இது தெரிந்த பிறகு நான் எதைப் படித்துச் சொன்னாலும் ஒரு நொடி யோசிப்பாள். வாய்விட்டுக் கேட்கமாட்டாள், ஆனால் யோசிப்பாள். அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை. நீ அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு, பழைய லேப்டாப், சத்தம் வராமல் போவது அதன் வியாதிதான் என்று எழுது, நீ சொன்னால் நம்புவாள் என்று கேட்பதற்குத்தான் இதை ஆரம்பித்தேன். ஆனால் உன் முகாமில் போனும் கிடைக்காது, இந்தக் கடிதம் அங்கே வரும் சாமான் வண்டி ஏறி உன்னிடம் வர ஒரு வாரம் ஆகும். அம்மா பத்து மணிக்குப் போகிறாள். எனக்கு அது முதல் வரியிலேயே தெரியும் அண்ணா, தெரிந்தேதான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். இன்னும் தூங்கலையாடி, அந்தப் பேனா என்ன எலி மாதிரி கீச்சு கீச்சுன்னு கீறுது, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு என்கிறாள். நடுவில் கூடமும் இரண்டு சாத்திய கதவுகளும் இருக்கின்றன. நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அப்புறம், ஏன்டி அழுற என்று கேட்டாள். நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல்தான் அழுதேன்.

இதை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன். அம்மாவால் இதைப் படிக்க முடியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். ஒரு எழுத்தையும் மாற்றாமல் படிக்கிறேன்.

உன் தங்கை