பெரிய டர்போவுக்கும் ஆள் வந்தது

அன்பு மகனுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் நலம். நேற்று உன் கார் சாமான்களை விற்றபோது ஷெட்டில் இருந்தவர்கள்: நான், அப்பா, உன் தங்கை, மெக்கானிக் அண்ணன், வாங்க வந்த தம்பி, அவன் மனைவி. பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

உனக்கு அங்கே வேலை நிரந்தரமானதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நன்றி சொன்னேன். நீ கூடுதலாக மாட்டியவற்றையெல்லாம் கழற்றி விற்கச் சொன்னாய். காரை என்ன செய்வதென்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு தவறு செய்துவிட்டேன். வருகிறவர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டுமே என்று அந்தப் பெரிய சைலன்சரைப் பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்துவிட்டேன். அழுக்கென்று நினைத்த நீலமெல்லாம் போயே போய்விட்டது. உன் தங்கை, “இனி இதுல பால் காய்ச்சலாம்மா” என்றாள். வந்த தம்பியோ, “சூட்டுல நீலம் ஓடியிருந்தாத்தானே டைட்டானியம்னு நம்ப முடியும்? இது டூப்ளிகேட் மாதிரி இருக்கே” என்று இழுத்தான்.

உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். “டூப்ளிகேட்டா? இந்தச் சத்தத்துக்காக எம்பையன நான் திட்டாத நாளே இல்ல. தெருவுல யார வேணாலும் கேளு!” என்றார். அந்தத் தம்பியின் மனைவி கெட்டிக்காரி. ஒரு கையால் அதைத் தூக்கிக் காட்டி, “இரும்பா இருந்தா உங்களையில்ல தூக்கச் சொல்லியிருப்பேன்? பேசாம எடுங்க” என்றாள். தவறு என்னுடையது என்பதால் கொஞ்சம் குறைத்தே கொடுத்தேன். கணக்கில் ‘அம்மா தேய்த்த நஷ்டம்’ என்று எழுதியிருக்கிறேன். நீ மாட்டிய ஸ்பிரிங்குகளும் விற்றுப்போய்விட்டன.

மிச்சம், என்ஜினுக்கு வேகம் கூட்ட நீ மாட்டிய பெரிய டர்போ ஒன்றுதான். அது இன்னும் காரிலேயே இருக்கிறது. அதையும் கேட்டான். மெக்கானிக் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, “அக்கா, இதக் கழட்டிட்டு காரோட வந்த கம்பெனி டர்போவ மாட்டிட்டா, வண்டியையே வித்துடலாம். தம்பி திரும்பி வந்து ஓட்டுறதா இருந்தா கழட்ட வேணாம்” என்றார். அதற்குள் உன் அப்பா பானெட்டை மூடிவிட்டு, “என்ஜின் சூடா இருக்கு, இப்பத் தொட முடியாது” என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டார். வண்டியைக் கிளப்பி எத்தனையோ மாதமாகிறது. மெக்கானிக் அண்ணன் ஸ்பேனர்களை எடுத்துப் பையில் போட ஆரம்பித்துவிட்டார்.

போனில் கேட்டால் “பாக்கலாம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேல் சாமியிடம் நான் எதுவும் கேட்பதில்லை. வேளைக்குச் சாப்பிடு. அந்தத் தம்பி மாதக் கடைசியில் மறுபடி வருகிறான். டர்போவைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் பதில் போடு.

ஆசிகளுடன்,
அம்மா