கிராணி சாப்பிட்ட வளைகாப்புச் சோறு

அக்கா, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கையை விட்டுச் சந்தன வாசம் போகமாட்டேன் என்கிறது. இன்று காலை புக்கிட் காதிலில், சம்பந்தி வீட்டில், நம் பெண்ணுக்கு வளைகாப்பு. இருந்துவிட்டுப் போங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாகக் கிளம்பி, பஸ் பிடித்து காஜா பெராங்குக்கு வந்துவிட்டேன். வந்து என்ன கண்டேன்? கதவைத் திறந்தால் 'வா' என்று சொல்ல ஆளில்லை. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகு ரேடியோதான் எனக்குப் பேச்சுத்துணை. அதுவும் தன் பாட்டுக்குப் பேசுமே தவிர, நான் சொல்வதைக் கேட்காது. அதனால்தான் உன்னிடம் பேசுகிறேன். செத்துப்போனவளோடு பேசுகிறாள், பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நம் பெண் என்றேனே, அன்று என் வயிற்றில் இருந்தவள்தான். குருபோங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். "லீவுக்குச் சொல்லிட்டேம்மா, ரெண்டு மாசம். பெத்துட்டு மறுபடி அதே வேலைக்குத்தான்" என்று கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. கோபம் அவள் மேல் இல்லை. இதைக் கேட்டுச் சிரிக்க நீ இல்லையே என்றுதான்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது. டவுனில் அந்த ரப்பர் கிடங்கில், புகைபோட்ட ஷீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அழுக்குப் புள்ளிகளைக் கத்தரியால் வெட்டி எடுக்கும் வேலை நமக்கு. என்னைவிட மூத்தவள் நீ. முதல் நாள் "வாங்கக்கா" என்றேன். "வாங்க போங்கன்னா கிராணியக் கூப்புடற மாதிரி இருக்கு, நீன்னே சொல்லுடி" என்றாய். கிடங்குக் கணக்கு எழுதும் அந்தக் கிராணிதான் நம் எல்லோருக்கும் எமன். ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். எவளுக்காவது வயிறு தெரிய ஆரம்பித்தால் போதும், 'உன் வேலை சரியில்லை, நாளையிலேருந்து வராதே' என்பார். வயிறு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. பெண்களும் இடுப்புச் சாரத்தை மேலே ஏற்றித் தொளதொளவென்று கட்டிக்கொண்டு முடிந்தவரை மறைப்பார்கள். நானும் அப்படித்தான் மறைத்தேன். என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுத்திருந்த சமயம். என் வேலை போனால் அடுப்பு எரியாது.

ஒரு திங்கட்கிழமை, முந்தின நாள் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்த சூட்டோடு நீ என் காதைக் கடித்தாய்.

"சட்டம் இருக்காம்டி. புள்ளத்தாச்சிங்கிறதுக்காக நிறுத்தக் கூடாதாம். ஆனா இவரு, எனக்கு ஒண்ணுமே தெரியாது, வேலை சரியில்லன்னுதான் நிறுத்தினேன்னு சத்தியம் பண்ணுவாரு. நீங்க மறைக்கிறது அவருக்குத்தானே வசதி?"

"அதுக்கு என்னக்கா பண்ணச் சொல்றே?"

"ஏழாம் மாசம் வளைகாப்பு போடுவோம். வீட்டுல இல்ல. இங்கேயே."

வேண்டாம் என்று கெஞ்சினேன். நீ கேட்டால்தானே! சாப்பாட்டு வேளையில், கிடங்கு வாசலில் ரம்புத்தான் மரத்தடியில் பலகை போட்டு என்னை உட்கார வைத்தாய். வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த, தமிழ் மறந்துபோன நம்மூர்ச் செட்டிப் பெண்மணி ஒருத்தி, "அப்பா கெண்டுரி இனி?" என்று மலாயில் கேட்டாள், என்ன விருந்து இது என்று. நீ உன் வயிற்றின் மேல் கையால் வளைத்துக் காட்டினாய். அவள் சிரித்துவிட்டுத் தன் கூடையிலிருந்த மல்லிகையை வேலி வழியே நீட்டினாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, எல்லாம் நீ விடியுமுன் எழுந்து கிளறியது. வளையல் போடும் நேரம் வந்ததும் மட்டும் உன்னைக் காணோம்.

"நீதான் முதல்ல போடணும், வாக்கா" என்று கத்தினேன்.

"சும்மா கெட. நல்ல காரியத்துல தாலியறுத்தவ கைய நீட்டுவாளா?" என்று சொல்லிவிட்டு, சோற்றுத் தட்டையும் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கிராணி மேசைப் பக்கம் போய்விட்டாய். உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை, தெரியுமா?

அந்த மாதம் முடியுமுன் கிராணி என்னை நிறுத்தினார். வேலை சரியில்லையாம். நீ என்னைத் தரதரவென்று லேபர் ஆபீசுக்கு இழுத்துப் போனாய். விசாரணை நாளில் நம் கூட்டாளிகள் எல்லோரும் நழுவினார்கள். "குனிஞ்சு வளையல் போட்டுக்கிட்டு இருந்தேன் ஐயா, கிராணியப் பாக்கல" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவரவருக்கு அவரவர் பயம். கிராணி கூசாமல் சொன்னார்: "சோறு சாப்பிட்டது உண்மை. கோயில் சோறு, நேர்த்திச் சோறுன்னு தினம் ஒண்ணு கொண்டாருவாங்க. எதுக்குன்னு நான் கண்டேனா?"

கடைசியாக நீ எழுந்தாய்.

"தயிர்ச்சோத்த ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனீங்களே ஐயா. சந்தனத்தத் தொட்டுப் பூசிக்கிட்டு, ஆம்பளப் புள்ளையா பொறக்கட்டும்னு சொன்னீங்களே. கோயில் சோத்துக்கா புள்ள பொறக்கும்?"

அங்கே இருந்த ப்யூன்கூடச் சிரித்துவிட்டான். அதிகாரி உன்னைக் கேட்டார், மற்ற எவரும் பார்க்காததை நீ மட்டும் எப்படிப் பார்த்தாய் என்று.

"நான் தாலியறுத்தவங்க. வளையல் போட வரக்கூடாது. தள்ளி நின்னேன். தள்ளி நின்னா எல்லாம் நல்லாத் தெரியும்."

எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பிரசவ லீவும் கிடைத்தது. பிறந்தது பெண். கிராணியின் வாக்கு அதிலும் பொய்த்தது. ஆனால் நான் பிள்ளையோடு திரும்பி வந்தபோது, எனக்குப் பக்கத்து இடத்தில் வேறு யாரோ ஷீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆள் அதிகம் என்று உன்னை நிறுத்திவிட்டார்களாம், முறைப்படி முன்கூட்டியே சொல்லி. லேபர் ஆபீசுக்கு ஓடினேன். இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். நீ ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டாய். தீபாவளிக்குத் தீபாவளி முறுக்குப் பொட்டலத்தோடு வந்து, நம் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, "இவளால என் வேலை போச்சு" என்று அவள் கன்னத்தைக் கிள்ளுவாய். ஒருநாளும் முகம் கோணவில்லை. கோணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும், அக்கா. அப்புறம் ஒரு தீபாவளிக்கு நீ வரவில்லை. செய்திதான் வந்தது.

இன்று சம்பந்தி வீட்டில் என்னை யாரும் தடுக்கவில்லை. என் கால்தான் தானாகப் போய்ச் சுவரோரம் நின்றது. நம் பெண்ணுடைய ஃபேக்டரி மேலதிகாரி, ஒரு சீனப் பெண், சம்மணம் போட்டு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டாள். அவள் கையில் சந்தனம் இருக்கிறதா என்று என்னையறியாமல் எட்டிப் பார்த்தேன். இருந்தது. பழக்க தோஷம்!

"அம்மா, என்ன அங்கேயே நிக்கிறீங்க? வந்து போடுங்க" என்று நம் பெண் கூப்பிட்டாள்.

சும்மா கெட என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போனேன். சந்தனம் பூசி, ஒரு கைக்குப் பச்சை வளையல் போட்டேன். மறு கைக்குச் சிவப்பு. "இது பெரியம்மா போடறது" என்றேன். அவள் அந்தச் சிவப்பு வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மறுபடி சுவரோரமே வந்து நின்றுகொண்டேன். நீ சொன்னது சரிதான், அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிகிறது. பார்த்ததைச் சொல்லத் திரும்பினால்தான் பக்கத்தில் ஆளில்லை.