அப்பாவின் வெயில் நிறம்

தம்பி டோனல்,

என் உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேர்கிறது. ரத்தத்தை எடுத்துவிடுவதுதான் வைத்தியம். பரம்பரை நோய்.

முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். நர்ஸ் குரலைத் தாழ்த்தி, "குடிப்பீங்களா?" என்றாள். "டீதான் குடிப்பேன், நாள் பூரா" என்றேன். எடுத்த பையைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

இப்போது ரத்த வங்கிக்குப் போகிறேன். அங்கே என் ரத்தத்தை யாருக்கோ ஏற்றுகிறார்கள். "ரொம்ப நன்றிங்க" என்று பிஸ்கட்டும் தருகிறார்கள். நோய்க்கு நன்றி வாங்கியவள் நம் குடும்பத்தில் நான்தான்!

அப்பா மதுவிலக்குச் சபதச் சின்னத்தைக் கோட்டில் குத்தியபடியே வாழ்ந்தவர். கல்லீரல் கெட்டு அவர் செத்ததும், "திருட்டுத்தனமா குடிச்சிருக்கான்யா" என்று பப்பில் சிரித்தார்கள். நீயும் நம்பினாய். அவர் முகம் கறுத்ததை வயல்வெயில் என்று நினைத்தோம். அவருக்கும் இதே நோய்தான்; கல்லீரலைக் கெடுத்ததும் முகத்தைக் கறுக்கவைத்ததும் இந்த இரும்புதான். ஞாயிற்றுக்கிழமை அந்த பப்பின் நடுவில் நின்று இதைச் சொல்லப்போகிறேன். எவன் சிரிக்கிறான் பார்க்கலாம்.

நீ பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறாயாம். வராதே. ஆனால் நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் படத்தில் உன் முகம் அப்பா முகம் மாதிரியே கறுத்திருக்கிறது. டிசம்பர் மாதம், மழை ஓயாத அயர்லாந்துக் கால்வேயில், எந்த வெயிலடா அது?

உன் அக்கா